மூன்றாவது பற்றரி வாங்க முதல்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நோய்தான்: வாகனத்தில் சார்ஜ் நிற்பதில்லை. ஒருவர் பற்றரி பிழை என்கிறார், ஒருவர் வயரிங் பிழை என்கிறார், இன்னொருவர் செய்வினையாக இருக்குமோ என்றே எழுதியிருக்கிறார். பகிடிக்குத்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் சுற்றிச் சுற்றி, எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்ரனேற்றரில்தான் வந்து நிற்கிறது. எங்கள் ஊரில் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்வோம். பழைய மொறிஸ் மைனரிலும் ஏ போட்டி என்று நாங்கள் சொல்லும் ஒஸ்ரின் ஏ40இலும் இருந்தது உண்மையாகவே டைனமோ. அந்தக் கார்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நானும் இரண்டு பெயரையும் மாறி மாறிச் சொல்வேன், குறை நினைக்க வேண்டாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாங்கள் பழையதையே ஓட்டினோம். கடிதம் கூடியதற்கு அதுதான் காரணம்.

*

கேள்வி: என்னிடம் இருப்பது கொரோலா 121. மீற்றரில் 270,000 கிலோமீற்றர் காட்டுகிறது. பதினான்கு மாதத்தில் இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். இப்போது இரண்டாவதும் காலையில் ஸ்ராட் எடுக்கச் சிணுங்குகிறது. பற்றரிச் சின்னம் போட்ட சிவப்பு லைற் சில நாளில் மினுங்கும், சில நாளில் இல்லை. ஒரு கராஜில் பார்த்துவிட்டு “13.1 சார்ஜ் வருகிறது, டைனமோ நல்லம்” என்றார்கள். ஒரு ஆல்ரனேற்றர் எத்தனை கிலோமீற்றர் உழைக்கும்? பழுதாக முதலே மாற்றிவிடுவது நல்லதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: மாஸ்ரர், மூன்றாவது பற்றரி வாங்கக் காசு எடுத்து வைத்திருந்தால் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வையுங்கள். அந்த இரண்டு பற்றரியும் தாமாகச் சாகவில்லை, பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவை.

எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும். எஞ்சின் ஓடும்போது உங்கள் வகைக் காரில் 13.8 தொடக்கம் 14.4 வரை வரவேண்டும். 13.1 என்பது 12.6ஐ விடக் கூடத்தானே என்று கராஜ்காரர் நினைத்திருப்பார். அந்த அளவில் பற்றரி ஒருநாளும் நிறையாது. அரைவயிற்றோடு கிடக்கும் பற்றரியின் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து இறுகிவிடும். ஒருமுறை இறுகினால் பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் ஏறாது. உங்கள் முதல் பற்றரிக்கு நடந்தது அதுதான், இரண்டாவதுக்கு நடந்துகொண்டிருப்பதும் அதுதான்.

நீங்களே பார்க்கலாம். ஒரு சாதாரண மல்ரி மீற்றர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஏசி, ஹெட்லைற், பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, யாரையாவது அக்சிலறேற்றரைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பாரத்திலும் 13.5க்குக் கீழே இறங்காவிட்டால் டைனமோவில் குறை இல்லை. 13ஐத் தொட்டால் குறை இருக்கிறது. 15ஐத் தாண்டினால் அது வேறு வியாதி: வோல்றை அளவோடு வைத்திருக்கிற ரெகுலேற்றர் போய்விட்டது, பற்றரி கொதிக்கும், அழுகின முட்டை மணம் வரும். உடனே நிறுத்துங்கள்.

அப்புறம் ஆயுள். இத்தனை கிலோமீற்றர் என்று ஒரு எண்ணைச் சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் நான் சொல்லமாட்டேன். டைனமோ தூரத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை மணித்தியாலம் சுற்றியது என்பதைத்தான் பார்க்கிறது. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மணிக்கு 60இல் ஓடும் வான் 300,000 கிலோமீற்றர் போக 5,000 மணித்தியாலம். ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் சராசரி 20இல் ஊரும் கார் அதே 5,000 மணித்தியாலத்தை 100,000 கிலோமீற்றரிலேயே முடித்துவிடும். அதுவும் ஏசி போட்டபடி, காற்றோட்டம் இல்லாமல், எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு. என் மேசைக்கு வந்தவற்றில் 150,000இல் பிரஷ் தீர்ந்ததும் உண்டு, 300,000 தாண்டியும் முதல் பிரஷோடு ஓடினதும் உண்டு. இறக்குமதியாகி வந்த காரில் மீற்றர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கதை.

உங்கள் காரில் என்ன போயிருக்கும்? லைற் சில நாள் மினுங்குகிறது, சில நாள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும். பிரஷ்தான். உள்ளே சுற்றும் றோற்றருக்கு மின் கொடுப்பவை இரண்டு சின்னக் கரித்துண்டுகள். பென்சில் மாதிரித் தேய்ந்துகொண்டே வரும். பல டொயோட்டா கையேடுகளில் புதுப் பிரஷ் வெளியே 10.5 மில்லிமீற்றர் நீண்டிருக்கும், 1.5க்கு வந்தால் மாற்று என்றிருக்கும். கடைசிக் கட்டத்தில் பின்னால் தள்ளும் ஸ்பிறிங்குக்குப் பலம் போதாது. பள்ளத்தில் விழுந்தால் தொடும், அடுத்த பள்ளத்தில் விடும். லைற் எரிகிற நேரத்தில், பெல்ற் பக்கம் கை போகாமல், ஸ்குறூட்றைவர் பிடியால் டைனமோவின் முதுகில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். லைற் அணைந்தால் சந்தேகமே இல்லை.

முழு டைனமோவையும் தூக்கி எறியத் தேவையில்லை மாஸ்ரர். கழற்றி, பிரஷ், முன்பின் பெயாறிங் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லுங்கள். பிரஷ் சோடியின் விலை, நீங்கள் வாங்கின இரண்டு பற்றரிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் காசு. கழற்றினவுடன் பிரஷ் உரசும் செம்பு வளையத்தை, ஸ்லிப் றிங்கை, ஒருக்கால் அளக்கச் சொல்லுங்கள். புதிதில் 14.2 தொடக்கம் 14.4 மில்லிமீற்றர் குறுக்களவு, 12.8க்குக் கீழே என்றால் புதுப் பிரஷ் போட்டாலும் நிற்காது. உள்ளே செம்புச் சுருள் கறுத்துத் தீய்ந்து மணத்தாலும் அதே முடிவு. அந்த இரண்டில் ஒன்று இருந்தால் மட்டும் முழுதாக மாற்றுங்கள்.

பழுதாக முதலே மாற்றிவிடுவது நல்லதா என்று கேட்டீர்கள். 270,000இல் முதலே திறந்து பார்ப்பது நல்லது. உங்கள் எஞ்சினில் டைனமோவைச் சுற்றுகிற அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பெயாறிங் ஒருநாள் இறுகி நின்றால் பெல்ற் தீய்ந்து அறும், பம்பு நிற்கும், எஞ்சின் கொதிக்கும். பிரஷ் போனால் லைற் மினுக்கி உங்களுக்குச் சொல்லும். பெயாறிங் உறுமிக் காட்டும், ஆனால் ஏசி போட்டுக் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு ஓடுகிறவருக்கு அது எப்படிக் கேட்கும்?

இன்னுமொன்று. பள்ளிக்கூடப் பேரப்பிள்ளையை ஏற்றி இறக்க நாளுக்கு நாலு முறை இரண்டு இரண்டு கிலோமீற்றர் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ராட் எடுத்த செலவைத் திருப்பிக் கட்டவே அந்த ஓட்டம் காணாது. கிழமைக்கு ஒருக்கால் பருத்தித்துறைக் கடற்கரைக்காவது ஓடிப்போய் வாருங்கள். பேரப்பிள்ளைக்கும் சந்தோஷம்.

*

கேள்வி: அண்ணை, நான் பழைய ஹயஸ் டொல்பின் டீசல் வான் வைத்துக் கொழும்பு ஹயர் ஓடுகிறேன். போன மாதம் இரவு மாங்குளம் தாண்டினவுடன் சார்ஜ் லைற் பிடித்தது. பன்னிரண்டு சனம் உள்ளே. பயத்தில் நிறுத்தி விடியும்வரை இருந்தோம். ஓடியிருக்கலாமா?
— சாரதி, கரவெட்டி

பதில்: தம்பி, ஓடியிருக்கலாம். ஓடாமல் விட்டதும் பிழை என்று சொல்லமாட்டேன். எது சரி என்பது நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு வேலையில் இருக்கிறது: பொனற்றைத் திறந்து பெல்ற் இருக்கிறதா என்று பார்ப்பது.

உங்கள் டொல்பினில் டைனமோவின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு ஒட்டியிருக்கும், எண்ணெய்க் குழாய் போகும். அது வாக்கியூம் பம்பு. பிறேக் பெடலை இலேசாக்குவது அதுதான். டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சின் மாதிரி வாக்கியூம் தானாக வராது, அதனால் டைனமோவின் அச்சிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். பெல்ற் அறுந்தால் சார்ஜ் மட்டும் போவதில்லை. இரண்டு மூன்று மிதியோடு பெடல் கல்லாகிவிடும், தண்ணீர்ப் பம்பும் நிற்கும். பன்னிரண்டு சனத்தோடு ஒரு அடியும் அசையக்கூடாது.

பெல்ற் சுற்றுகிறது, லைற் மட்டும் எரிகிறது என்றால் கதை வேறு. அந்தப் பழைய டீசல் எஞ்சினுக்கு ஓட மின்சாரம் தேவையில்லை என்றே சொல்லலாம். டீசலைத் திறந்து வைத்திருக்கிற சொலினொயிட்டுக்கு ஒரு அம்பியர் அளவு போதும். பகலில் என்றால் யாழ்ப்பாணம் வந்து, சனத்தை இறக்கி, சோறும் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வரலாம். இரவில் ஹெட்லைற் இரண்டும் 55 வாற் வீதம் 9 அம்பியர், பின் லைற், டாஷ் லைற் எல்லாம் சேர்த்து 12 என்று வையுங்கள். 70 அம்பியர்-மணிப் பற்றரி கணக்குப்படி ஆறு மணித்தியாலம் தாங்கவேண்டும். கணக்கை நம்பாதீர்கள், பாதியை நம்புங்கள். மாங்குளத்தில் இருந்து யாழ்ப்பாணம் தொண்ணூறு கிலோமீற்றர் அளவு, இரண்டு மணித்தியாலம். பற்றரி நல்லதென்றால் ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, எங்கும் எஞ்சினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் எடுக்கப் பற்றரியில் ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு சனமும் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

இது கம்பியூட்டர் இல்லாத பழைய டீசலுக்கு மட்டும். புது ஹயஸ் கேடிஎச் வான் வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஓட வெளிக்கிட வேண்டாம். பெற்றோல் காரும் அப்படித்தான். பெற்றோல் பம்பு, இஞ்செக்ரர், கொயில் எல்லாம் பற்றரியில்தான் சாப்பிடுகின்றன.

உங்கள் டைனமோவைத் திறக்கும்போது உள்ளே எண்ணெய் நனைந்திருக்கிறதா பாருங்கள். வாக்கியூம் பம்பின் சீல் கசிந்து பிரஷ் எண்ணெயில் ஊறிப்போவது இந்த வகையில் வழக்கமான சாவு. புதுப் பிரஷ் போட்டு, சீலை விட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப மாங்குளம்தான்.

*

கேள்வி: அண்ணா, எங்களுடையது டொயோட்டா அக்வா. ஒரு வாரம் வெளியூர் போய் வந்தால் கார் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆல்ரனேற்றர் பழுது என்று ஒருவர் சொல்கிறார்.
— வாசகி, நல்லூர்

பதில்: தங்கச்சி, அக்வாவில் ஆல்ரனேற்றரே இல்லை. இல்லாத சாமானைப் பழுது என்று சொன்னவரிடம் காரைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். அந்த வகை ஹைபிரிட்டில் பெரிய பற்றரியில் இருந்து ஒரு மின் மாற்றி வழியாகத்தான் சின்னப் 12 வோல்ற் பற்றரி நிறைகிறது. பின்சீற்றுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பற்றரிக்கு வயது போயிருக்கும். அதற்கென்று வரும் வகையையே வாங்குங்கள். அதோடு பின்சீற்றுப் பக்கம் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பை, துவாய் வைத்து அடைக்காதீர்கள்; பெரிய பற்றரி மூச்சு விடுவது அந்தத் துவாரம் வழியாகத்தான்.

சுசுக்கி வேகன் ஆர் ஹைபிரிட் வைத்திருக்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதில் இருப்பது டைனமோவும் ஸ்ராட்டரும் ஒன்றாகச் சேர்ந்த யந்திரம். சந்தியில் நின்று எடுக்கும்போது பெல்ற் வழியாக எஞ்சினைச் சுற்றுவதும் அதுதான். அதனால் அதன் பெல்ற் மற்றக் கார்களை விட அதிகம் உழைக்கிறது, அடிக்கடி பாருங்கள். ஓட்டத்தில் வோல்ற் கூடிக் குறைவது அதற்கு இயல்பு. 12.8 கண்டு பயப்பட வேண்டாம்.

*

கேள்வி: ஐயா, எனது வாகனத்தில் சார்ஜ் 14.1 வடிவாக வருகிறது. பற்றரியும் புதிது. ஆனால் இரவு நிறுத்தினால் காலையில் இல்லை. வீடு கடற்கரையோரம்.
— வாசகர், வேலணை

பதில்: பகலில் நிறைத்துவிட்டு இரவில் திருடுகிற டைனமோவும் உண்டு ஐயா. உள்ளே இருக்கும் டயோட்கள் ஒருவழிக் கதவு மாதிரி; மின் வெளியே வரும், உள்ளே போகாது. ஒன்று உடைந்தால் நிறுத்தின வாகனத்தில் பற்றரி மின் டைனமோவுக்குள் திரும்ப வடியும். சார்ஜ் வோல்ற் சரியாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வாகனத்தை நிறுத்திச் சில மணித்தியாலம் கழித்து டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆறியபிறகும் அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால் களவு பிடிபட்டுவிட்டது. இல்லாவிட்டால் ஒரு இரவு, பற்றரியின் நெகற்றிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி, ரேப் சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, நெகற்றிவைத் திரும்பப் பூட்டுங்கள். காலையில் நெகற்றிவை முதலில் கழற்றி, அந்த வயரைப் பூட்டி, நெகற்றிவையும் பூட்டிவிட்டுப் பாருங்கள்; ஸ்ராட் எடுத்தால் வேறு சாட்சி தேவையில்லை. வயரைத் திரும்பப் பூட்டாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

நீங்கள் பண்ணைப் பாலத்தால் போய் வருகிறவர். உப்புக் காற்றில் எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் ஏர்த் பட்டி பச்சை பூத்துப்போயிருக்கும். எஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, மீற்றரின் ஒரு முனையை டைனமோ உடம்பிலும் மற்றதைப் பற்றரி நெகற்றிவிலும் வையுங்கள். 0.2 வோல்றுக்கு மேல் காட்டினால் சுரண்டிச் சுத்தம் செய்து கிறீஸ் பூசுங்கள். அந்தப் பட்டியை மட்டும் மாற்றி, டைனமோ மாற்ற வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாவாரம் தெரியாதவன் என்று வீட்டில் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

*

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்த்தால் டைனமோ நல்லதா என்று தெரிந்துவிடும் என்று எங்கள் கராஜ் அண்ணை செய்கிறார். சரியா?
— தொழில் பழகுபவர், சுன்னாகம்

பதில்: சரியில்லை, ஆனால் உங்கள் அண்ணையை எனக்கு நன்றாக விளங்குகிறது. எனக்குத் தொழில் பழக்கிய முதலாளியும் அப்படித்தான் செய்வார். ஏ போட்டி ஓடிக்கொண்டிருக்க, பற்றரி முனையை ஒரு இழுவை இழுப்பார், கார் நிற்காது, “டைனமோ தங்கம்” என்பார். தொண்ணூறுகளில் போர் நேரம், மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். டைனமோ என்றால் எந்த அடியும் தாங்கும் சாமான் என்று மனதில் பதிந்துவிட்டது.

போரில் மூடிக் கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்து ஜப்பான் வாகனங்கள் வரத் தொடங்கின. வாடிக்கையாளர் ஒருவரின் காரில் அதே வித்தையைக் காட்டினேன். பற்றரி என்பது தண்ணீர்த் தாங்கி மாதிரி, பொங்குகிற வோல்றை வாங்கிக்கொள்ளும். அதைக் கழற்றினவுடன் பொங்கினது எல்லாம் வயரிங்குக்குள் பாய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. லைற்றுகள் ஒருதரம் வெள்ளையாகப் பளிச்சிட்டன, அவ்வளவுதான். டைனமோவின் ரெகுலேற்றரும் எஞ்சின் கம்பியூட்டரும் சேர்ந்தே போயின. கம்பியூட்டரைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்துக் கொடுத்தேன், என் காசில். அந்தக் கரிந்த ரெகுலேற்றர் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்.

*

கேள்வி: ஓட்டோவுக்கும் டைனமோ பிரஷ் மாற்றவேண்டுமா?
— ஓட்டோ உரிமையாளர், மானிப்பாய்

பதில்: பஜாஜ் ஓட்டோவில் பிரஷ் இல்லை. பிளைவீலில் காந்தம், நடுவில் கொயில், வெளியே ஒரு ரெகுலேற்றர் பெட்டி. சார்ஜ் இல்லையென்றால் அந்தப் பெட்டியின் சொக்கற்றைக் கழற்றிப் பாருங்கள், அனேகமாக உருகியிருக்கும். பாட்டுப் பெட்டிக்குப் பெரிய ஸ்பீக்கர் பூட்டியிருப்பீர்களே?

*

கேள்வி: என் வானுக்கு முழு டைனமோவும் மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். புதிது, ரீகண்டிஷன் (திருத்திப் புதுப்பித்தது), ஜப்பானில் கழற்றினது என்று மூன்று விலை சொல்கிறார்கள். கழற்றின பழையதைத் தரவும் மறுக்கிறார்கள்.
— வாசகி, கிளிநொச்சி

பதில்: பழையதைத் தரமறுத்தால் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் பழையது அவர்களுக்கு அடுத்தவரின் ரீகண்டிஷன். சில கடைகளில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வெள்ளிப் பெயின்ற் ஒரு பூச்சு. போன வருடம் அப்படி ஒன்றை நானே வாங்கி ஏமாந்தேன். பூட்ட முதல் திறந்து பார்த்திருந்தால் பழைய பெயாறிங் பல்லிளித்துக்கொண்டு இருந்ததைக் கண்டிருப்பேன். அவசரம், வாடிக்கையாளர் வாசலில் நின்றார். இருபத்தைந்து நாளில் திரும்ப வந்தார்.

ஜப்பானில் கழற்றினது என்றால் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரக்கக்கூடாது, ஆடக்கூடாது. பின்மூடியைத் திறந்து பிரஷ் நீளம் காட்டச் சொல்லுங்கள்; நாலு ஸ்குறூ வேலை, மறுத்தால் அடுத்த கடை. மலிவான புதிதை விட நல்ல நிலையில் இருக்கும் பாவித்த அசலை வாங்கி, பிரஷும் பெயாறிங்கும் புதிதாகப் போடுவதையே நான் விரும்புவேன். மலிவுச் சாமானில் 90 அம்பியர் என்று ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது எவ்வளவு தரும் என்று யார் பார்த்தார்கள்?

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. சொக்கற்றின் வடிவம், கப்பியில் எத்தனை வரி, பூட்டும் காதுகளின் இடைவெளி, டீசல் என்றால் பின்னால் வாக்கியூம் பம்பும் எண்ணெய்க் குழாயும் எல்லாம் ஒத்திருக்கவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டின பிறகு பெல்ற்றை இரண்டு கப்பிக்கும் நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கினால் போதும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று கம்பி மாதிரி இறுக்கிவிடுவார்கள், புதுப் பெயாறிங் அதில்தான் போகும். பூட்டினவர் கை கழுவ முதல் மீற்றரைப் போட்டு 14ஐக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள். பழையதையும் வானுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணப் பக்கம் வரும்போது கொண்டுவந்தால் திறந்து பார்த்து, உண்மையாகவே மாற்ற வேண்டித்தான் இருந்ததா என்று சொல்கிறேன்.